பைப்பு போடுவதற்கு முன்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கார் சுமார் 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களோடு சேர்த்துக் காரின் எடை ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 1 கோடியே 86 லட்சம் ஜூல். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கியரைக் குறைத்து இறங்கினால் இதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், இன்னொரு பங்கு காற்றோடு போகும். மிச்சமெல்லாம் பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்குகிறது. மலைச் சாரலில் நனைந்த சக்கரம் அந்தச் சூட்டில் காய்ந்து, அடுத்த வளைவில் மறுபடி நனைந்து, சமவெளிக்கு வந்துதான் ஆறும். கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் துடியலூர்க்காரர்களுக்கு ஊட்டியும் கோத்தகிரியும் காலையில் போய் ராத்திரி திரும்புகிற தூரம். பத்து வருடம் அப்படி ஓடிய காரில் பிரேக்கைச் சுற்றியுள்ள கிரீஸ் எல்லாம் உருகி, வற்றி, கருகிப் போயிருக்கும். கிரீஸ் போன இடத்தில் துரு வந்து உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, பிரேக் பேடை நாமே மாற்றிவிடலாம் என்று உட்காருகிறவருக்கு வேலை நின்றுபோவது பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில். ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் அசையாது. இன்னும் இழுத்தால் தலையின் முனைகள் மழுங்கும். அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி நீட்டி, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் போடுவது. அந்தப் பைப்பைக் கையில் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவைதான் இந்த அத்தியாயம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போல்ட்டை எது பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காமல் பலத்தைக் காட்டினால் வேலை இரட்டிப்பாகும்.

போல்ட்டின் மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. 10 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏற்றம் என்றால், அந்தச் சரிவு ஏறத்தாழ 3 டிகிரி. லேசான எண்ணெய்ப் பசையுள்ள எஃகின் மேல் இன்னொரு எஃகு தானாக வழுக்கத் தொடங்க 8 டிகிரிக்கு மேல் சரிவு வேண்டும். அதனால்தான் இறுக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்த பிறகும் நட்டு தானாகச் சுழன்று கழன்றுவிடுவதில்லை. போல்ட்டு பிடித்து நிற்பதே உராய்வின் தயவில்.

அந்த உராய்வு நம்மிடம் வாங்கும் வரி பெரியது. இறுக்கும்போது கொடுக்கும் முறுக்கு விசையில் சுமார் பாதி, போல்ட்டின் தலைக்கு அடியிலேயே செலவாகிவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையே போகிறது. மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை நீளவாக்கில் இழுத்து, இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பத்து சதவீதத்தையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 10 மில்லிமீட்டர் போல்ட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அதற்குள் உருவாகும் இழுவிசை சுமார் 25,000 நியூட்டன். இரண்டரை டன் எடையை அதில் தொங்கவிட்ட மாதிரி.

கழற்றும்போது சரிவு நம் பக்கம் இருக்கிறது. எனவே நல்ல நிலையில் உள்ள போல்ட்டைக் கழற்ற, இறுக்கியதைவிடக் குறைவான விசையே போதும். வீட்டில் வேலை செய்கிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல் இது. 50-க்கு இறுக்கிய போல்ட்டு 50 கொடுத்தும் அசையவில்லை என்றால், நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. ஒன்று, கடைசியாக வேலை செய்தவர் ஏர் கன்னில் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார். அல்லது மரைக்குள் புதிதாக ஒரு பொருள் வந்து குடியேறியிருக்கிறது.

இப்போது பைப்பின் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் பைப்பின் முனையில் முழு எடையையும் போட்டால் கிடைப்பது சுமார் 600 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று முத்திரை குத்திய 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை முழுக்கப் பிடித்துப்போயிருந்தால், 100 நியூட்டன் மீட்டரைத் தொடுவதற்கு முன்பே தண்டு முறுக்கிக்கொண்டு தலை தனியாகக் கையோடு வந்துவிடும். பைப்பு கொடுக்கும் விசையில் ஆறில் ஒரு பங்குகூட அந்தப் போல்ட்டால் தாங்க முடியாது. சக்கரத்தின் 12 மில்லிமீட்டர் நட்டுகளுக்கு வேண்டுமானால் நீளமான கைப்பிடி பொருந்தும். பிரேக், சைலன்சர், சென்சார் பக்கம் பைப்பைக் கொண்டுபோகவே கூடாது.

சரி, மரைக்குள் வந்து குடியேறுவது எது? பெரும்பாலும் துரு. இரும்பு துருவாக மாறும்போது ஆக்சிஜனையும் நீரையும் சேர்த்துக்கொள்வதால் அதன் பருமன் கூடுகிறது. எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் சிலாப் வெடித்து உதிர்வது இதனால்தான். மரைக்கு இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதற்குள் துரு பருக்கும்போது வெளியே போக வழியில்லை, இரண்டு பக்கச் சுவரையும் நெருக்குகிறது. போல்ட்டு போட்ட நாளில் இல்லாத அழுத்தம் ஒன்று இப்போது மரையின் நீளம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

துருவை வேகப்படுத்துவது உப்பு, குறிப்பாகக் குளோரைடு. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அரிமான வரைபடமே தயாரித்திருக்கிறது. கடலோரமும் உள்நாடும் எவ்வளவு வேறுபடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், உலகிலேயே கடுமையாக அரிக்கும் சூழல்களில் ஒன்றில் நூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றது. அதற்கு இடைவிடாத பராமரிப்பு தேவைப்பட்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. கோயம்புத்தூருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். மழையும் அளவானது.

ஆனால் நாமே உப்பைக் கொண்டுவந்து ஊற்றுகிறோம். துடியலூர்ப் பக்கம் வீடுகளில் இரண்டு தண்ணீர். குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. துணி துவைக்க, கார் கழுவ, செடிக்கு ஊற்ற போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. அடியில் அடித்துக் கழுவிய போர் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிற அதே உப்பு, போல்ட்டின் சந்துகளிலும் தங்குகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாரம் தவறாமல் கழுவப்படும் காரில், மேலே பெயின்ட் பளபளக்க, கீழே நட்டு துருப்பிடித்திருப்பதற்கு இதுவும் காரணம். வண்டியைக் கழுவிய கையோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். அடிப்பாகம் காய்ந்துவிடும்.

அலுமினியப் பாகத்துக்குள் எஃகு போல்ட்டு இருந்தால் கதை வேறு. இரண்டு வேறு உலோகங்களும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறிய பேட்டரி. அதில் கரைந்து தேய்வது அலுமினியம். செந்நிறத் துருவுக்குப் பதிலாக வெள்ளைப் பொடி தெரிந்தால், பிடித்திருப்பது அலுமினியத்தின் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும். அலாய் வீல் ஹப்போடு ஒட்டிக்கொண்டு, நட்டை எல்லாம் கழற்றிய பின்னும் வர மறுப்பதும் இதனால்தான். இங்கே எஃகு போல்ட்டைவிட அலுமினிய மரையே பலவீனமானது. முரட்டுத்தனம் காட்டினால் மரை சுருளாக உரிந்து வரும். மூன்றாவதாக, கம்பெனியிலேயே ஒட்டும் பசை போட்ட போல்ட்டுகள் உண்டு. நீல நிறப் பசை கைக்கருவிக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்புப் பசை 200 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் இளகும். எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது அதனிடம் செல்லாது.

துருவிடம் எண்ணெய் செல்லும். ஆனால் எப்படிப் போகிறது என்று தெரிந்து ஊற்றவேண்டும். மெல்லிய சந்துக்குள் திரவத்தை இழுப்பது நுண்புழை ஈர்ப்பு. எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பதற்கு அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-இல் ஒரு சமன்பாடு கொடுத்தார். அதன்படி திரவம் ஊடுருவும் ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். நடைமுறையில் இதன் பொருள்: கால் மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், 10 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், 20 மில்லிமீட்டருக்கு நான்கு மணி நேரம். ஆழம் இரட்டிப்பாக நேரம் நான்கு மடங்காக வேண்டும். துரு அடைத்த சந்தில் இன்னும் மெதுவாகவே போகும். ஸ்பிரே அடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து இழுக்கிறவர், எண்ணெய் முதல் இரண்டு மரையைக்கூடத் தாண்டாத நிலையில்தான் இழுக்கிறார். ஞாயிறு காலையில் செய்ய நினைக்கும் வேலைக்கு வெள்ளிக்கிழமை இரவே எண்ணெய் விடுங்கள். சனிக்கிழமை காலையிலும் மாலையிலும் மறுபடி விடுங்கள். அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் மரையின் வாயைச் சுத்தம் செய்வது அவசியம். மண்ணும் பழைய கிரீஸும் அடைத்த வாயில் எதுவும் இறங்காது.

எந்த எண்ணெய்? அதே சமன்பாடு பதில் சொல்கிறது. கெட்டித்தன்மை குறைவாக இருந்தால் வேகமாகப் போகும். இன்ஜின் ஆயில் தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் கெட்டியானது, அது இந்த வேலைக்கு ஆகாது. மண்ணெண்ணெய் தண்ணீரைவிடச் சற்றே கெட்டி, ஆனால் உலோகத்தின் மேல் தண்ணீரைவிட நன்றாகப் பரவும். நம் பட்டறைகளில் தலைமுறையாக மண்ணெண்ணெயும் டீசலும் பயன்பட்டு வந்ததற்கு நியாயம் இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953-இல் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மேற்தோலில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. சின்ன இறுக்கத்துக்கு அது போதும். பல வருடத் துருவுக்கு, ஊடுருவும் எண்ணெய் என்றே விற்கும் ஸ்பிரேயை வாங்குவது நல்லது.

எண்ணெய் இறங்க வழி செய்வது சுத்தியல். அரை கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போல்ட்டின் தலையில் பட்டு, ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், அந்தக் கணத்தில் உண்டாகும் விசை 5,000 நியூட்டன். அரை டன் எடை ஒரு கணம் அதன்மேல் ஏறி இறங்கியது போல. துரு நொறுங்கும் இயல்புள்ளது, எஃகு வளைந்துகொடுக்கும் இயல்புள்ளது. தட்டலில் துருவில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே எண்ணெய் போகும். பட்டறையில் ஏர் கன் பத்து விநாடியில் கழற்றுவதை நாம் பைப்பு போட்டும் கழற்ற முடியாததற்கும் இதுதான் காரணம். அது ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஓங்கி அடிக்கவேண்டியதில்லை, பல தடவை அளவாகத் தட்டவேண்டும். வெளியே நீண்டிருக்கும் மரை முனையில் மட்டும் நேரடியாக அடிக்காதீர்கள். முனை விரிந்துபோனால் நட்டு வெளியே வரவே வராது.

பிறகு ஸ்பேனர். பன்னிரண்டு முனை ரிங்கை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். அது தலையின் பக்கங்களைப் பிடிக்கும், பன்னிரண்டு முனை மூலைகளைப் பிடித்து மழுக்கும். முதல் அசைவு கழற்றும் திசையில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கொஞ்சம் இறுக்கும் பக்கம் தட்டிக்கொடுத்தால், துருவின் பிடி விட்ட சத்தம் 'டக்' என்று கேட்கும். கால் சுற்று வந்ததும் சந்தோஷத்தில் ஒரேயடியாகத் திருப்பக்கூடாது. உதிர்ந்த துருப்பொடி மரைக்குள் சேர்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று வெளியே. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் வீட்டில் உள்ள கருவிகளுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

பிரேக்குக்கு ஏர் எடுக்கும் நிப்பிள் தனிக் கவனம் கேட்கிறது. அது சின்னது, நடுவில் ஓட்டையுள்ளது, அதனால் மற்ற போல்ட்டுகளைவிடச் சுலபமாக ஒடியும். அதன்மேல் இருக்கவேண்டிய ரப்பர் மூடி பல கார்களில் என்றைக்கோ விழுந்து தொலைந்திருக்கும். ஓட்டைக்குள் மண்ணும் துருவும் ஏறியிருக்கும். தலையை உற்றுப் பார்த்தால், கடைசியாகத் திருகியவர் மழுக்கிவிட்டுப் போன மூலைகள் தெரியும். சுற்றிலும் பிரஷ் போட்டு, இரண்டு நாள் எண்ணெய் விட்டு, ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் மொட்டைப் பக்கத்தை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். அது உள்ளே தாங்கி நிற்பதால், தட்டும்போதும் திருப்பும்போதும் நிப்பிள் நசுங்காது. இங்கே டார்ச்சைக் காட்டக்கூடாது. ஒரு விரல் தூரத்தில் காலிப்பருக்குள் ரப்பர் சீல் இருக்கிறது, உள்ளே இருப்பது பிரேக் ஆயில்.

டார்ச் காட்டக்கூடிய இடங்களில் சூடுதான் கடைசி ஆயுதம், வலிமையானதும் அதுவே. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் அளவில் 10 லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 10 மில்லிமீட்டர் நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், அதன் ஓட்டை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 24 பங்கு பெரிதாகும். சூடாக்கினால் ஓட்டை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வளையம் முழுவதும் விரியும்போது ஓட்டையும் சேர்ந்தே விரியும். கேட்கச் சின்ன அளவு, துருவைப் பிளக்க அது தாராளம். எனவே சூட்டை நட்டுக்குக் காட்டவேண்டும், நடுவில் இருக்கும் போல்ட்டுக்குக் காட்டக்கூடாது. அலுமினியம் எஃகைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவதால், அலுமினியத்துக்குள் இருக்கும் எஃகு போல்ட்டுக்கு மிதமான சூடே போதும். சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவர்த்தியை வைத்தால், மெழுகு உருகி மரைக்குள் ஓடி வழுக்க உதவும்.

டார்ச்சை எடுப்பதற்கு முன் சுற்றிலும் பார்க்கவேண்டும். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் இவற்றின் அருகே நெருப்பே வேண்டாம். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடு காட்டினால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. எண்ணெய் ஊற வைத்த போல்ட்டை நன்றாகத் துடைத்த பிறகுதான் நெருப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் தலை ஒடிந்துபோகலாம். அப்போது கடையில் கிடைக்கும் எக்ஸ்ட்ராக்டரை ஓட்டை போட்டு இறக்க நினைப்பார்கள். அந்தக் கருவி கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது. என் யோசனை, அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு வெல்டிங் தெரிந்தவரைத் தேடுவது. இதில் கோவைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை 300 ரூபாய்க்கு வாங்கிப் பிரித்துப் போட்டுப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். அவரும் அவர் காலத்தவர்களும் தொடங்கிவைத்த தொழில்களின் நிழலில் பஞ்சாலை இயந்திரமும் பம்ப்செட்டும் வளர, ஊர் முழுக்க லேத் பட்டறைகள் முளைத்தன. துடியலூரிலிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் பட்டறைக்கும் ஃபவுண்டரிக்கும் குறைவில்லை.

அப்படி ஒரு பட்டறையில் ஒடிந்த ஸ்டட்டை எடுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். விளிம்புக்குக் கீழே மொட்டையாக நின்ற ஸ்டட்டின் மேல் சற்றுப் பெரிய நட்டு ஒன்றை வைத்து, அதன் நடுவே வெல்டிங் கம்பியை இறக்கி நிரப்பினார். நட்டு செக்கச் சிவந்து நின்றது. ஸ்பேனரை நீட்டப் போன பையனைக் கையால் தடுத்து, "இருப்பா, செவப்பு போவட்டும், இப்பத் திருப்புனா மரையோட வந்துரும்" என்றார். சிவப்பு கருஞ்சிவப்பாகவும், கருஞ்சிவப்பு மங்கிச் சாம்பலாகவும் மாறும் வரை யாரும் தொடவில்லை. பிறகு இரண்டே விரலால் ஸ்பேனரை அசைக்க ஸ்டட் சுழன்று வந்தது. அவர் காத்திருந்ததில் பௌதிகம் இருக்கிறது. சூட்டில் ஸ்டட் விரிய முயன்றபோது சுற்றியிருந்த குளிர்ந்த இரும்பு இடம் கொடுக்கவில்லை. இளகிய ஸ்டட் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டது. ஆறும்போது பழைய அளவைவிடச் சற்று மெலிந்துவிட்டது.

திரும்பப் பூட்டும்போது செய்வதுதான் அடுத்த முறை கழற்றுவதைத் தீர்மானிக்கும். மரையை டேப் போட்டுச் சுத்தம் செய்து, செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவலாம். உராய்வு குறைவதால் அதே முறுக்கு விசைக்கு இழுவிசை கூடிவிடும் என்பதை மறக்கவேண்டாம், கைப்புத்தகத்தில் உள்ள அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சக்கர நட்டுகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லாமல் எதையும் தடவாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 8.8 தரப் போல்ட்டு வெப்பப் பதம் பார்த்து வலிமை ஏற்றப்பட்டது. சிவக்கக் காய்ச்சினால் அந்த வலிமை போய்விடும். பார்க்க அப்படியேதான் இருக்கும். சூடு காட்டிய போல்ட்டையோ பைப்பு போட்டு முறுக்கிய போல்ட்டையோ பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் திரும்பப் பூட்டவே வேண்டாம். தலையில் உள்ள எண்ணைப் பார்த்து அதே தரத்தில் புதிது வாங்கிப் போடுங்கள்.